நாலு ஜி.பி.யில் நின்ற பேச்சு

பெப்ரா இறந்த இருபத்தைந்தாம் நாள், மாம்பொங்கில் உள்ள அவருடைய தாய்வழிக் குடும்ப வீட்டில், பதினேழு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் டிவியில் பேசினார்.

"இந்த வீட்ட நான் என் கையால கட்டினேன். இன்னைக்கு எல்லாரும் பாக்க இத என் பொண்டாட்டிக்கும் புள்ளைங்களுக்கும்…"

படம் அங்கேயே நின்றது. வாய் திறந்தபடி என் கணவர் திரையில் உறைந்திருந்தார். பிறகு திரை நீலமாகிவிட்டது.

"கத்தரிக்கோல் நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு," என்றாள் அவருடைய தங்கை சர்போமா.

குடும்பத் தலைவர் டாபோ, பெப்ராவின் தாய்மாமன், எண்பத்து நான்கு வயது, தடியைத் தரையில் தட்டினார்.

"குடுக்குறேன்னு அவன் சொன்னது காதுல விழுந்துச்சு. நீ வாங்கிக்கிட்டது எங்க, பிராகோ? அசேடா எங்க?"

அவர் கேட்டது நியாயம். எங்களில் ஒருவர் தன் வீட்டைக் கொடுத்தால், வாங்கியவர் சாட்சிகள் முன்னால் சாராயப் பாட்டிலும் ஆடும் வைத்து நன்றி சொல்ல வேண்டும். அந்த அசேடா நடக்காவிட்டால் கொடுத்தது கொடுத்ததாகாது. தாய்வழி முறைப்படி வீடு அவர் தங்கை சர்போமாவின் பிள்ளைகளுக்குப் போய்விடும். ஆறு வருடத்துக்கு முன், நாங்கள் குடியிருக்கும் அந்த வீட்டிலேயே அசேடா வைத்தேன். ஆனால் என் பக்கம் சாட்சி நின்ற மூவரில் இருவர் இறந்துவிட்டார்கள், ஒருவர் இத்தாலியில் இருக்கிறார்.

"நீங்களும் வந்திருந்தீங்க, நானா," என்றேன். பெரியவர்களை நாங்கள் ‘நானா’ என்றுதான் அழைப்போம்.

"வந்தேன். கடைசி வரைக்கும் இருந்தேனான்னு ஞாபகமில்ல. இல்லாதத இருக்குன்னு சொல்ல மாட்டேன். நாப்பதாம் நாளுக்குப் படத்த முழுசா கொண்டுவா."

அடுத்த நாள் காலை குமாசியில் கிஃப்டியின் கடைக்குப் போனேன். அசேடாவை அன்று படம் எடுத்தவள் அவள்தான். ஒரு மணி ஐம்பது நிமிடப் பதிவு அவள் கம்ப்யூட்டரில் முழுசாக இருந்தது. குடும்ப வீட்டுப் பழைய பிளேயர் படிக்கிற மாதிரி மாற்றி பென் டிரைவில் எழுதியபோதுதான் அறுந்திருக்கிறது.

"இருபது வருஷமா சாவும் கல்யாணமும் படம் புடிக்கிறேன், அக்கா. என் மேல கத்தரிக்கோல் பழியா? இடம் பத்தல, அவ்வளவுதான். பெரிய பென் டிரைவா போடுவோம்."

எட்டு ஜி.பி.க்குப் பதிலாகப் பதினாறு போட்டாள். நின்றது. முப்பத்திரண்டு போட்டாள். அதே இடத்தில், அதே திறந்த வாயோடு நின்றது. மூன்று முறை அந்த முகத்தைப் பார்த்தபின் நான் வாசலுக்குப் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

"கரண்ட்டு கோளாறா இருக்கும். இல்லேன்னா வைரஸ்," என்றாள் கிஃப்டி, பயறு கலந்த வாச்சே சோற்றை மென்றபடி.

பள்ளி நூலகத்தில் முப்பது வருடம் புத்தகங்களுக்கு எண் எழுதியவள் நான். ஒவ்வொரு முறையும் பைலின் அளவை ஒரு தாளில் குறித்திருந்தேன். பத்து இலக்கம். மூன்று முறையும் கடைசி இலக்கம் வரை ஒன்றே.

"கரண்ட்டு போனா ஒரே எடத்துலயா நிக்கும்? இதப் பாரு. நாலு ஜி.பி.ய ஒட்டியே நிக்குது."

கிஃப்டி தாளைப் பார்த்தாள். கரண்டி தட்டில் விழுந்தது.

"அட, என் புத்திய செருப்பால அடிக்க! இது இடத்தோட குத்தமே இல்ல, அக்கா. ஃபார்மட்டோட குத்தம். இந்த பென் டிரைவெல்லாம் பழைய ஃபார்மட்டு. எவ்வளவு பெருசா இருந்தாலும் ஒத்த பைல் நாலு ஜி.பி. தாண்டக்கூடாது. நம்ம படம் ஆறரை."

பென் டிரைவைப் புது ஃபார்மட்டுக்கு மாற்றினாள். படம் முழுசாக ஏறியது. கம்ப்யூட்டரில் கடைசி வரை ஓடியது. இருவரும் கைதட்டினோம். பிறகு அதைக் கடையில் இருந்த பிளேயரில் செருகினாள். குடும்ப வீட்டில் இருப்பதும் அவள் விற்ற அதே ரகம்தான். டிஸ்க் இல்லை என்றது பிளேயர். மறுபடி செருகினாலும் அதையே சொன்னது.

"பழைய ஃபார்மட்டத் தவிர வேற எதையும் திங்காது இந்தக் கிழவி," என்றாள். "பெரியவங்களயே இங்க கூட்டிட்டு வந்துடேன். கம்ப்யூட்டர்லயே காட்டிரலாம்."

"குடும்ப வழக்க கடையில உக்காந்தா கேப்பாங்க? என்ன பேசுற நீ?"

அப்படியானால் படத்தைச் சுருக்குவோம் என்றாள். சுருக்கியதில் நாலு ஜி.பி.க்குள் அடங்கியது. ஆனால் படம் எடுத்த அன்று கூடம் இருட்டு. முகங்கள் சதுரம் சதுரமாக உடைந்தன. டாபோவின் கண்ணில் ஏற்கெனவே புரை.

"சரி, ஆரம்பத்துல கைகுலுக்குறாங்களே முக்கா மணி நேரம், அத வெட்டிடறேன். யாரு பாக்கப் போறா?"

"அதுல கை வெச்சே, உன் கைய ஒடைப்பேன்." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "யார் யார் வந்தாங்கன்னு அதுலதான் இருக்கு. கைகுலுக்காம ஆரம்பிச்சா, அது கூட்டமே இல்லேன்னு எந்திரிச்சுப் போயிடுவாங்க."

"அப்ப ரெண்டா பிரிக்கணும். பிரிச்சா உன் நாத்தனா ஒட்டுப்போட்டதும்பா."

நான் தாளில் ஒரு கோடு போட்டுக் காட்டினேன். "ரெண்டாவது பைல, மொத பைலோட கடைசி அஞ்சு நிமிஷத்துலேருந்து ஆரம்பி. அதே பேச்சு, அதே இருமல், அதே கோழி குறுக்க ஓடுறது. எல்லாம் ரெண்டு தடவ வரட்டும். எங்க ஒட்டுன்னு அவளே தேடட்டும்."

கிஃப்டி என் பக்கம் திரும்பினாள். "நூலகத்துல இவ்வளவு நாளா ஏன் ஒளிஞ்சிருந்தே?" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

நாற்பதாம் நாள் குடும்ப வீடு நிறைந்திருந்தது. முதல் பைல் பெப்ரா பேசிக்கொண்டிருக்கும்போதே முடிந்தது. சர்போமா வாயைத் திறப்பதற்குள் இரண்டாவதைப் போட்டேன். கோழி மறுபடி ஓடியது. பெப்ரா மறுபடி இருமினார். "பாத்ததுதானே இது," என்றார் யாரோ. "பேசாம பாரு," என்றார் டாபோ. இந்த முறை என் கணவர் வாக்கியத்தை முடித்தார்.

"…புள்ளைங்களுக்கும் குடுக்குறேன். நான் போனப்புறம் யாரும் அவங்கள வெளிய போன்னு சொல்லக் கூடாது."

திரையில் நான் எழுந்தேன். ஷ்னாப்ஸ் சாராயப் பாட்டிலை இரண்டு கையாலும் நீட்டினேன். அதை வாங்கித் திறந்து, முன்னோர் பெயர் சொல்லித் தரையில் ஊற்றியவரை டாபோ கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"யாரது? நான்தானா அது?"

"நீங்கதான், நானா. அப்ப மீசை இருந்துச்சு."

"நல்லாத்தான் இருந்திருக்கேன்," என்றார். கூடம் சிரித்தது.

பிறகு ஆடு வந்தது. அது முரண்டு பிடிக்க, கயிற்றை இழுத்துப் பிடித்திருந்த பெண் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு கிழவர் திரையருகே போய்க் குனிந்தார்.

"ஏ சர்போமா! இது நீதானே?"

சர்போமா திரையைப் பார்த்தாள். அண்ணன் அங்கே அவள் தோளில் கை போட்டிருந்தார். அவள் கண் நிறைந்தது.

"அந்தத் துணி எனக்கு அப்பவே புடிக்கல," என்றாள்.

டாபோ தடியைத் தட்டினார். "அசேடாவ நானே வாங்கியிருக்கேன். வீடு பிராகோவோடது. இனி அதப் பத்தி இந்தக் கூடத்துல பேச்சு வரக் கூடாது. அடுத்தது கல்லறைக் கல்லு."

அவர்கள் கல்லைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். சர்போமா தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். யாரோ டிவியின் சத்தத்தை மட்டும் குறைத்தார்கள். திரையில் பெப்ரா சத்தமில்லாமல் நடனமாடிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் முடியும் வரை பார்த்தோம்.