குதிரை வார்

வெயில் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டும் என்று சேனாதிபதி மூன்றாம் தடவையாகச் சொன்னபோதும் கந்தம்மாள் காரைவிட்டு வெளியே வரவில்லை. முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே மண்டியிட்டு, பட்டுச் சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டி வைத்துக்கொண்டு, ஸ்பேனரால் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தாள். தை மாதத்துக் கொடைக்கானல் குளிரில் இரும்பு விரலைக் கடித்தது. வாசலில் பூவும் பழமும் வைத்த தாம்பாளங்கள் காத்துக் கிடந்தன. மகன் பாணிக்குப் பழனியில் முடியிறக்கிக் காது குத்தும் நாளில், பெற்றவள் கையில் மஞ்சள் குங்குமம் இருப்பதுதான் முறை. அவள் கையில் கிரீஸ் இருந்தது. அதற்காக அவள் வெட்கப்பட்டதாகவும் தெரியவில்லை.

சேனாதிபதி அவளுடைய அண்ணன். முந்தின நாளே அய்யம்பாளையத்திலிருந்து மனைவி சிவபாக்கியத்தோடு மலையேறி வந்திருந்தார். தாய்மாமன் இல்லாமல் காதுகுத்து ஏது? அதிலும் அவர்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுப் படியிறங்கியதிலிருந்து காதில் ஊசி ஏறும்வரை பிள்ளை தாய்மாமன் கையைவிட்டு இறங்கக் கூடாது. வண்டியில் போனால் அவர் மடி, நடந்தால் அவர் தோள். சேனாதிபதி இதற்காகவே புதுவேட்டி எடுத்து, மடிக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று சரிகைத் துண்டு ஒன்றும் வாங்கியிருந்தார். வந்து பார்த்தால், தங்கச்சி காருக்குள் பிள்ளையைக் கட்டிப்போட வார் பூட்டிக்கொண்டிருக்கிறாள். மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

அந்த வார் வந்த கதை இது. கந்தம்மாள் ஒரு அமெரிக்க மிஷன் குடும்பத்து வீட்டில் துணி துவைக்கப் போய்க்கொண்டிருந்தாள். போன வருஷம் அந்தத் துரைசாணிக்குக் கப்பலில் ஒரு கார் வந்தது. சீட்டில் பட்டையான வார்கள் இருந்தன. ஏரிக்கரைக்குப் போவதானாலும் துரைசாணி பிள்ளைகளை உட்காரவைத்து இடுப்பில் வாரைப் பூட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள். முதல் நாள் அதைப் பார்த்தபோது கந்தம்மாள் துவைத்த துணியைப் புல்லிலேயே போட்டுவிட்டு ஓடிப்போய் நின்றாள். வாரின் நுனி எங்கே போகிறது என்று குனிந்து தேடினாள். சீட்டில் கட்டியிருக்கவில்லை. சீட்டையும் தாண்டி, தரைத் தகரத்தில் போல்ட்டு போட்டு முறுக்கியிருந்தது. "சீட்டிலே கட்டினால், சீட்டும் சேர்ந்து போகும் அல்லவா," என்றாள் துரைசாணி, புஸ்தகம் வாசிக்கிற தமிழில். அன்று ராத்திரி கந்தம்மாள் சாப்பிடவில்லை.

அவளுக்கு முதலில் பிறந்தவள் கண்மணி. நாலு வருஷத்துக்கு முன்னால், இதே மலைப்பாதையில், இதே காரில் போனாள். அதை விபத்து என்றுகூடச் சொல்ல முடியாது. வண்டியில் ஒரு கீறல் கிடையாது. மழையில் உருண்டு கிடந்த ஒரு கல்லுக்காக அவள் புருஷன் குமாரவேல் பிரேக்கை அழுத்தி வண்டியை ஒடித்தான். இடது பக்கக் கதவு திறந்துகொண்டது. மடியில் தூங்கிக்கொண்டிருந்த ரெண்டு வயசுப் பிள்ளை மடியில் இல்லை. கந்தம்மாளின் கையில் சட்டைப் பித்தான் ஒன்று மட்டும் இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் ஒரே மாதிரி சொன்னார்கள்: பெத்தவ மடியில இருந்த பிள்ளையே போச்சுன்னா அது விதிதான். அவள் தலையாட்டவில்லை. மடியில் இருந்ததால்தான் போனாள் என்று சொல்ல அன்றைக்கு அவளுக்கு வாய் வரவில்லை.

துரைசாணி கார் வந்த பிறகு வாய் வந்தது. ஏரியில் சவாரிக் குதிரைகளுக்குச் சேணம் தைக்கிற திருமலைச்சாமியிடம் போய், குதிரை வயிற்றில் இழுத்துக் கட்டுகிற பட்டை வாரில் பிள்ளைக்கு அளவாகத் தைத்துத் தரச் சொன்னாள். இடுப்புக்கு ஒன்று, ரெண்டு தோளுக்கும் ரெண்டு, நெஞ்சில் ஒரு பக்கிள். "குதிரையக் கட்டுற வாருல பிள்ளையக் கட்டுறீகளேம்மா," என்று சிரித்தான் அவன். "ஒங்குதிரை துள்ளினா விழுறது சவாரிக்காரன். எங்காரு துள்ளினா எம்பிள்ளை. நீ தைய்யி," என்றாள்.

குமாரவேலுக்குத்தான் ரோஷம். பதினாலு வருஷமாக மலைப்பாதையில் டாக்ஸி ஓட்டுகிறவன். தன் வண்டியில் தன் பிள்ளையைக் கட்டி வைப்பதா? அவன் பேசாமல் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தான். ஒரு நாள் கந்தம்மாள் எட்டுப் படி அரிசியை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து காரின் முன்சீட்டில் ஏறினாள். மூட்டையை மடியில் வைத்து ரெண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். "பாணி இம்புட்டுத்தாங்க கனம். ஏரி ரோட்டுல இருபது மைல் வேகத்துல போயி, சொல்லாம பிரேக்கப் போடுங்க," என்றாள். அவன் போட்டான். மூட்டை அவள் கையைப் பிய்த்துக்கொண்டு போய் முன்கண்ணாடிக்குக் கீழே மோதி வெடித்தது. கார் முழுக்க அரிசி. மறுநாள் குமாரவேலே ஒர்க்‌ஷாப்புக்குப் போய்த் தரையில் மூன்று துளை போட்டு, தகரம் கிழியாமல் இருக்க அடியில் இரும்புப் பட்டை கொடுத்து வந்தான். இன்றைக்கும் சீட்டின் இடுக்குகளில் அரிசி கிடக்கிறது.

இதையெல்லாம் சேனாதிபதியிடம் யார் சொல்வது? சிவபாக்கியம் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "பாடையில கெட்டுற மாதிரியில்ல இருக்கு. நல்ல நாளும் அதுவுமா," என்றாள். கந்தம்மாள் மகனைத் தூக்கி இடது கதவோரம் உட்காரவைத்து, வாரை இடுப்பெலும்புக்குக் கீழே இறக்கி, தோள் வார்களுக்குள் ரெண்டு விரல் விட்டுப் பார்த்துப் பூட்டினாள். மூணு வயசுத் தண்டாயுதபாணி கையில் ஒரு முறுக்கை வைத்துக்கொண்டு ராஜா மாதிரி இருந்தான். சேனாதிபதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். சிவபாக்கியம் வலது ஓரம், கந்தம்மாள் நடுவில்.

வெள்ளி அருவிப் பக்கம் வண்டி நின்றது. கந்தம்மாள் இறங்கி முகம் கழுவிவிட்டு வருவதற்குள் காரியம் நடந்துவிட்டது. பக்கிள் திறந்து கிடந்தது. பாணி முன்சீட்டில் தாய்மாமன் மடியில், சரிகைத் துண்டின் மேல். சேனாதிபதி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் காரில் ஏறவில்லை. போய் பம்பருக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"ஏறு கந்தம்மா. வெரசாப் போனாத்தான் வெயிலுக்கு முன்ன எறங்கலாம்," என்றார் சேனாதிபதி.

"பிள்ளைய அதுல உக்கார வைங்கண்ணே. ஏறுறேன்."

"எம்மடியில இருக்கான். இதவிடப் பத்திரமான எடம் எதுடி?"

கந்தம்மாள் பம்பரைவிட்டு நகரவில்லை. "எம்மடியே பத்தலைண்ணே," என்றாள். "பத்து மாசம் சொமந்த மடி. ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தேன். தூங்கலை, அசரலை. எல்லாரும் விதின்னு சொன்னீக, எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு. எனக்கு ஆறுதல் வேணாம். எங்கை விட்டுச்சு. பெத்தவ கையே விட்டுச்சு. ஒங்க கை எப்படிண்ணே பத்தும்?"

குமாரவேல் ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நாலு வருஷமாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது அது.

"என்னைய அவமானப்படுத்துற," என்றார் சேனாதிபதி. "மொறைய மீறினா, காது குத்தையில எம்மடி கெடையாது. சொல்லிட்டேன். ஊரு சிரிக்கட்டும்."

"சிரிக்கட்டும். காது குத்தாமயே வளரட்டும். வளரணும், எனக்கு அதுதான் சோலி."

அவர் பிள்ளையைத் தூக்கிப் பின்சீட்டில் தொப்பென்று வைத்தார். கந்தம்மாள் ஏறி மறுபடியும் பூட்டினாள், மறுபடியும் ரெண்டு விரல் விட்டுப் பார்த்தாள். காருக்குள் பாணி முறுக்கைக் கடிக்கிற சத்தம் மட்டும்.

டம்டம் பாறைக்குக் கீழே மூன்றாவது வளைவில் எதிரே ஒரு மர லாரி வந்தது. முழுப் பாதையையும் எடுத்துக்கொண்டு வந்தது. பள்ளத்துப் பக்கம் போனால் ஒருத்தரும் மிஞ்ச மாட்டார்கள் என்று குமாரவேலின் கைக்குத் தெரியும். மலைப்பக்கம் ஒடித்தான். கார் சாலையோர ஓடையில் இறங்கிப் பாறையில் முட்டி, இடது பக்கம் சாய்ந்து நின்றது. லாரி நிற்கவே இல்லை.

கந்தம்மாள் முன்சீட்டின் முதுகில் மோதி விழுந்திருந்தாள். இடது தோள் அவளுடையதாகவே இல்லை. சிவபாக்கியம் கீழே சரிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினாள். முன்னால் கண்ணாடி உடைந்து கிடந்தது. கந்தம்மாள் இடது பக்கம் திரும்பினாள். கதவு இன்றைக்கும் திறந்துதான் கிடந்தது. வெளியே, ஒரு கை நீளத்தில், ஓடையின் பாறை முனைகள். சாய்ந்த வண்டியில் பாணி அந்தப் பக்கமாக வாரில் தொங்கிக்கொண்டிருந்தான். கால் ரெண்டும் வெளியே ஆடின. மூன்று வாரும் விறைத்து நின்றன. முகம் கோணி, மூச்சை உள்ளே இழுத்து, அப்புறம்தான் அலறினான்.

"முறுக்கு விழுந்துருச்சு."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியாது. வாரை அவிழ்க்கவில்லை. முதலில் தலை, கழுத்து, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தாள். தோளில் பட்டை பதிந்த சிவப்பு மட்டும் இருந்தது. அந்தச் சிவப்பின் மேல் வாயை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே இருந்தாள்.

எல்லோரும் வெளியே வந்தார்கள். குமாரவேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்தான், ஆனால் நடந்தான். சேனாதிபதிக்கு நெற்றி கிழிந்து ரத்தம் வழிந்தது. சரிகைத் துண்டை அதில் அழுத்திக்கொண்டு மதகுக் கல்லில் உட்கார்ந்தார். மோதின நேரத்தில் அவர் ரெண்டு கையும் தானாகவே முன்னால் பாய்ந்திருந்தன. மடியில் ஏதாவது இருந்திருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது. அவர் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பழனியாண்டவர்தான் காப்பாத்துனாரு," என்றாள் சிவபாக்கியம்.

"காப்பாத்தட்டும் மதினி. அவரு பிடிச்சுக்கிறதுக்கும் ஒரு வார் வேணுமில்ல," என்றாள் கந்தம்மாள்.

மேலிருந்து ஒரு எஸ்டேட் ஜீப் வந்து நின்றது. ஓட்டியவன் பள்ளங்கி ஊர்க்காரன் ஞானவேல், குமாரவேலுக்குத் தெரிந்தவன். பதறிப்போய் இறங்கினான். "எல்லாரும் ஏறுங்க. மலையடிவாரத்துக் காட்ரோட்டுல எறக்கி விட்டுர்றேன். கொழந்தைய மடியில வச்சுக்கங்கக்கா."

கந்தம்மாள் ஜீப்பைப் பார்த்தாள். பக்கவாட்டில் கதவே இல்லை. "மதினிக்குத்தான் காலு வலி. அவுகளக் கூட்டிட்டுப் போங்க தம்பி. அண்ணன் வீட்டுக்குச் சொல்லி, கீழ மாட்டு வண்டி கட்டிவரச் சொல்லுங்க. நாங்க நடந்து வர்றோம்."

"நாலு மைலு இருக்குக்கா."

"இருக்கட்டும். பழனிக்கு ஊரே நடந்துதான் போகுது."

ஞானவேலுக்கு ஒன்றும் புரியவில்லை. குமாரவேலைப் பார்த்தான். குமாரவேல் அதற்குள் நசுங்கின காருக்குள் மறுபடியும் புகுந்து, மல்லாந்து படுத்து, போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். யாரும் அவனிடம் சொல்லவில்லை. மூன்று வாரையும் வெளியே கொண்டுவந்து மனைவியின் வலது தோளில் போட்டான். "வண்டியப் பாத்துக்கிட்டு நான் இங்கன இருக்கேன்," என்றான். பிறகு, "திருமலைச்சாமிகிட்ட பெரியவுகளுக்கும் இன்னும் நாலு தைக்கச் சொல்லணும்," என்றான்.

"அஞ்சு. அண்ணன் வந்தா அவருக்கும் வேணும்," என்றாள் அவள்.

ஜீப் கிளம்பும்போது சிவபாக்கியம் புருஷனைக் கூப்பிட்டாள். அவர் வேண்டாம் என்று கையை அசைத்தார். கந்தம்மாள் மகனை வலது இடுப்பில் வைத்துக்கொண்டு இறக்கத்தில் நடக்க ஆரம்பித்தாள். இடது தோள் ஒவ்வொரு அடிக்கும் குத்தியது. பின்னால் செருப்புச் சத்தம் வந்தது. முதல் வளைவு வரைக்கும் அவள் திரும்பவில்லை. ரெண்டாவது வளைவில் நின்றாள்.

சேனாதிபதியும் நின்றார், நாலடி தள்ளி. நெற்றியில் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பிடிங்கண்ணே," என்று அவள் பிள்ளையை நீட்டினாள். "நடக்குற வேகத்துக்கு ஒங்க கை போதும்."

அவர் வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். மேலே எங்கோ ஹாரன் கேட்டால்கூட அவர் மலைப்பக்கம் ஒதுங்கி, ரெண்டு கையாலும் பிள்ளையை மூடிக்கொண்டு, வண்டி கடந்து போகும்வரை நின்றார். போன பிறகும் கொஞ்சம் நின்றுதான் நடந்தார். பக்கிள் கந்தம்மாளின் இடுப்பில் தட்டிக்கொண்டே வந்தது. அந்தச் சத்தத்துக்குப் பாணி மாமன் தோளிலிருந்து எட்டி, அவள் முதுகில் தொங்கின வாரின் நுனியைப் பிடித்துக்கொண்டான். அவர் விடச் சொல்லவில்லை. அவளும் இழுக்கவில்லை. அந்த வார் எட்டுகிற தூரத்துக்குள்ளேயே தன் நடையை வைத்துக்கொண்டு அவள் அடுத்த வளைவில் திரும்பினாள்.