அம்மாக்கண்ணுவின் முழுப்பேர்

என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல்லின் மேல் சத்தியம்: இதில் ஒரு சொல் பொய்யென்றால் மூன்றும் நாளைக் காலை ரொட்டியோடு போகட்டும்.

ராகலைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குக் கொழும்பிலிருந்து ஜெரோமி என்றொரு பிள்ளை படம் எடுக்க வந்தது. நையாண்டிப் படம். விளம்பரத்திலும் சினிமாவிலும் மலையகத்துப் பெண் என்றாலே ஒரே பொட்டு, ஒரே கூடை, ஒரே சிரிப்பு. அதைக் கிண்டல் பண்ணவேண்டும். அதற்காகத் தேயிலைப் பெட்டி ஒன்றில் சிரித்துக்கொண்டிருந்த முகத்தை அச்சடித்து, முப்பது முகமூடி கொண்டுவந்திருந்தது.

அந்த முகம் எங்கள் அம்மாக்கண்ணுவுடையது. வாலிபத்தில் எவனோ வெள்ளைக்காரன் எடுத்த போட்டோ. அன்றைக்கு அவள் சிரிக்கவே இல்லை. காலில் அட்டை கடித்தது. குனியவேண்டாமென்று போட்டோக்காரன் கைகாட்டினான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அதுதான் உலகமெல்லாம் தேத்தண்ணீர் விற்றது.

இப்போது ஜெரோமி அவளுக்கும் ஒரு முகமூடியை நீட்டியது.

“இது என் மூஞ்சிதானே மிஸ்? எனக்கே கட்டி விடுறீங்களா?”

“எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும் அக்கா. அதுதான் படத்தோட கருத்து.”

“கருத்து இருக்கட்டும். கொழும்புல எம்மக லோஜினி பாக்கும். இந்தச் சிரிப்பைக் காட்டினா அதுக்கு அம்மான்னே தெரியாது. ஒரு தடவை என் சொந்த மூஞ்சியக் காட்டுங்க.”

ஜெரோமி சங்கடத்தோடு தலையாட்டி மறுத்துவிட்டது.

முப்பது பேரும் முகமூடியோடு மலையேறினார்கள். கங்காணி மூக்கன் வரிசையைப் பார்த்தான். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போடுகிற ஆள் அவன்.

“எல்லாம் ஒரே ஆளு. மொத்தத்துக்கும் ஒரு பேருதான் போடுவேன்.”

“அப்ப எனக்குப் போடு. மூஞ்சி என்னுது,” என்றது ஒரு முகமூடி.

அட்டைகளுக்கும் குழப்பம். யாரைக் கடிப்பதென்று கூடிப் பேசி, பழைய பழக்கத்தில் எல்லாம் அம்மாக்கண்ணுவின் காலுக்கே வந்தன. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்நேரம் பார்த்து ரோட்டில் சுற்றுலா வேன் ஒன்று நின்றது. இறங்கியவர்கள் ஆசை தீரப் போட்டோ எடுத்தார்கள். அத்தனையும் காகித மூஞ்சி என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அம்மாக்கண்ணு முகமூடியைக் கழற்றி இடுப்பில் செருகினாள். குனிந்து அட்டையைப் பிடுங்கிப் போட்டாள். நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, சிரிப்புமில்லை. வேனிலிருந்து இறங்கிய ஒரு அம்மா கையால் சைகை காட்டினார்: அதை மறுபடி மாட்டிக்கொள்.

ஜெரோமி அந்தக் கையைப் பார்த்தது. பிறகு தன் கையைப் பார்த்தது. அதிலும் ஒரு முகமூடி இருந்தது.

“அக்கா, அப்படியே நில்லுங்க.”

“எவ்வளவு நேரம்?”

“உங்களுக்குப் போதும்ங்கிற வரைக்கும்.”

படம் கொழும்பில் ஓடியது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கொட்டகை, இருபத்தொன்பது சிரிப்புக்கு நடுவே அந்த ஒரு முகம் வந்ததும் அடங்கிப்போனது. அவள் தங்களைப் பார்க்கிறாளா, தாங்கள் அவளைப் பார்க்கிறார்களா என்று புரியாமல் ஆளுக்காள் நெளிந்தார்கள். லோஜினி மட்டும் பக்கத்து சீட்டில் இருந்தவரிடம் சொன்னது: “எங்கம்மா. கறியில உப்பு கூடினா என்னைய இப்படித்தான் பாக்கும்.” கடைசியில் பெயர்கள் ஓடியபோது, அம்மாக்கண்ணு என்று தனியாக ஒரு முழுப்பேர் வந்து நின்றது.

எங்கள் தோட்டத்தில் தேயிலை கிடையாது. நான் பிறந்ததிலிருந்து அங்கே விளைவது லீக்ஸ் காய்கறிதான். நாளைக் காலை எனக்கு ரொட்டி வேண்டாம், கஞ்சி போதும்.