சொல்லிக்கொடுத்த வலி

என் வீட்டுக்காரரை யார் எப்போது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்பார். காய்ச்சலில் பல் கிட்டிப் போய்க் கிடக்கும்போதும் அதேதான். லிஃப்ட் கிணற்றுக்குள் விழுந்து முதுகெலும்பு உடைந்து, ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, கூட வேலை பார்த்த பையன் அழுதானாம். "நல்லாதான்டா இருக்கேன், அழாத" என்று இவர் அவனைத் தேற்றினாராம். இப்படிப்பட்ட மனுஷனை நம்பி மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு மனுப் போட்டேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

ஊரில் பாதிக் கட்டடங்களுக்கு லிஃப்ட் மாட்டியவர். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடி. விழுந்ததிலிருந்து அவர் தெருவை ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று இரண்டாவது மாடி வேன்காரரும் அவர் தம்பியும் நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்குவார்கள். "என்னண்ணே, மாப்பிள்ளை ஊர்வலமா?" என்று வேன்காரர் கேலி பண்ணுவார். இவரும் சிரிப்பார். சிரித்து முடித்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார், அது எனக்கு மட்டும் தெரியும்.

கீழ்வீடு காலியானபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. வாசற்படிகூட உயரமில்லை. சக்கர நாற்காலியைத் தள்ளினால் நேரே தெரு. ஆனால் வாடகை அதிகம். ஆல்டரேஷன் கடையில் நாள் முழுக்கத் தையலைப் பிரித்துத் தைத்தாலும் எனக்குக் கட்டுப்படியாகாது. வீட்டு ஓனர் நல்ல மாதிரி. "உதவித்தொகை உறுதியாச்சுன்னா உங்களுக்கே தரேம்மா. விசாரணை முடியற வரைக்கும் பூட்டி வைக்கிறேன். அதுக்கு மேல என்னால முடியாது" என்றார். அன்று முதல் என் வீட்டுக்காரர் ஜன்னலை விட்டுவிட்டார். கீழ்வீட்டில் கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்பதே பேச்சாக இருந்தார்.

முதல் மனுவை இவரே கெடுத்தார். வீட்டுக்கு வந்து பரிசோதித்த அதிகாரி, வலி எப்படி என்று கேட்டாராம். "பரவாயில்லை." அன்றாட வேலையெல்லாம்? "சமாளிச்சுக்குவேன்." நிற்க முடியுமா? "நிக்கலாமே." சொன்னதோடு விட்டாரா, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றும் காட்டினார். பெரியவர் வந்திருக்கும்போது உட்கார்ந்தபடி பேசுவது மரியாதை இல்லையாம். அன்று நின்றதற்கு ஒரு வாரம் படுக்கையில் கிடந்தார். அந்த ஒரு வாரத்தைப் பார்க்க எந்த அதிகாரியும் வரவில்லை. "சமாளிக்கிறார், எனவே தகுதி இல்லை" என்று பதில் வந்தது.

மேல்முறையீடு செய்தேன். விசாரணைக்கு நாள் குறித்ததும் ஆளைக் கட்டிலில் உட்காரவைத்துப் பாடம் நடத்தத் தொடங்கினேன். நான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேங்க. நீங்க சௌக்கியமா?"

தலையில் அடித்துக்கொண்டேன். "அதிகாரியை நலம் விசாரிக்கவா போறோம்? முடியலன்னு சொல்லுங்க. வலிக்குதுன்னு சொல்லுங்க."

"ஆபீசர் ஆயிட்டியேன்னுதான் மரியாதையா 'ங்க' போட்டேன்" என்று சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னை வா, போ என்றுதான் பேசுவார். விளையாட்டுக்குக்கூட அதற்குமுன் மரியாதை கொடுத்ததில்லை.

கிளிப்பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னேன். காலையில் எழுந்திருக்க யாராவது தூக்க வேண்டும். கழிவறைக்குத் தனியாகப் போக முடியாது. கொஞ்ச நேரம் நின்றால் கால் மரத்துவிடும். இரவில் தூங்க முடியாது. இதில் எது பொய்? ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் சொல்லும்போது அந்த மனுஷன் காது சிவக்கக் குறுகிப் போனார். கழிவறை விஷயத்தில் நிறுத்திவிட்டு, "இதையும் சொல்லணுமா? பொம்பளைங்க இருப்பாங்களே" என்றார்.

"சொல்லித்தான் ஆகணும். கீழ்வீடு வேணுமா, வேண்டாமா?"

அதற்குப் பிறகு எதிர்க்கேள்வி கேட்காமல் படித்தார்.

விசாரணை நடந்த கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. சக்கர நாற்காலியை உள்ளே தள்ளியதும் தலையைச் சாய்த்து ஒரு நிமிடம் அதன் சத்தத்தைக் கேட்டார். "ரோப் தேயுது. யார்கிட்டயாவது சொல்லணும்" என்றார். இரும்புக்கு வலித்தால் மட்டும் இவருக்கு உடனே கேட்டுவிடும்.

அறையில் நீள மேசை, அதன் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர் அம்மா. ஒரு பக்கம் வக்கீல், மறுபக்கம் டாக்டர். டாக்டர் இவரைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார்.

"நம்ம லிஃப்ட்காரர் இல்ல? ஆஸ்பத்திரி லிஃப்ட்ல நான் மாட்டிக்கிட்டப்போ மேல இருந்து கயித்துல இறங்கி வந்து என்னைத் தூக்கினவர் இவர்தான்." சக்கர நாற்காலியையும் இவர் காலையும் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. "என்னய்யா ஆச்சு உங்களுக்கு?"

அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். இவர் முன்பு எப்படி இருந்தார் என்று கண்ணால் பார்த்தவர் ஒருவர் அந்த மேசைக்குப் பின்னால் இருக்கிறார். கட்டிலை ஜன்னலோரமாகவே போட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

டாக்டர் தலைவர் அம்மாவிடம் குனிந்து ஏதோ சொன்னார். தலைவர் அம்மா எங்களைப் பார்த்து விளக்கினார். "டாக்டருக்கு உங்களை முன்னாடியே தெரியும். அதனால இந்த மனுவை அவர் விசாரிக்கறது சரியில்ல. பக்கத்து அறையில இருந்து வேற டாக்டர் வருவாங்க. இங்க ஓரவஞ்சனை இருக்கக்கூடாது இல்லையா?"

"ஆமாங்க, அதான் நியாயம்" என்று முதல் ஆளாகத் தலையாட்டியது யார் என்கிறீர்கள்? என் வீட்டுக்காரர்.

டாக்டர் வெளியே போகும்போது இவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். இவரைத் தெரிந்தவர் இவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாதாம், தெரியாதவர்கள்தான் எடுக்க வேண்டுமாம். வேறொரு டாக்டரம்மா வந்து உட்கார்ந்தார்.

தலைவர் அம்மா கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ நிம்மதி, திட்டியாவது தீர்த்திருப்பேன். அவர் இவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவசரமில்லை, நிதானமாகச் சொல்லுங்கள் என்றார். கேள்விகளையும் மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் நான் கேட்ட வரிசையில் கேட்கவில்லை.

"கொஞ்ச நேரம் நிக்க முடியுமா?"

"காலையில எழுந்திரிக்க யாராவது தூக்கணுங்க."

"சரி. ராத்திரி தூக்கம் எப்படி?"

"தனியா போக முடியாதுங்க." அதைச் சொல்லிவிட்டு டாக்டரம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

வக்கீல் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். தலைவர் அம்மா மட்டும் குரலை மாற்றாமல் கேட்டார். "இந்தப் பதிலெல்லாம் யாராவது உங்களுக்குச் சொல்லிக்குடுத்தாங்களா?"

இவர் முகத்தில் அப்படியொரு ஆறுதல். கடைசியில் பதில் தெரிந்த கேள்வி ஒன்று வந்துவிட்டது. "ஆமாங்க. என் வீட்டுக்காரிதான். ராப்பகலா சொல்லிக்குடுத்தா, பாவம். எனக்குத்தான் சரியா வரல."

"பொய்யைச் சொல்லிக்குடுக்கலைங்க" என்று எழுந்துவிட்டேன். "நடக்கறதைத்தான் சொல்லிக்குடுத்தேன். இவரு தானா சொல்ல மாட்டாரு. கழுத்தை அறுத்தாலும் நல்லா இருக்கேன்னுதான் சொல்வாரு. கூட இருந்து பாக்கறவ நான்."

"நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம்மா. ஆனா நீங்க அவர் மனைவி. நாங்க அவர் வாயால கேக்கணும்." இவர் பக்கம் திரும்பினார். "ஐயா, வீட்ல படிச்சதையெல்லாம் மறந்துடுங்க. உங்க சொந்த வார்த்தையில சொல்லுங்க. இப்ப எப்படி இருக்கீங்க?"

எவ்வளவு நல்ல மனசு பாருங்கள். எல்லாம் கெட்ட பிறகும் ஒரு வாய்ப்பு கொடுக்கிறார். இவர் என்னைப் பார்த்தார். தலைவர் அம்மாவைப் பார்த்தார். நாற்காலிக் கையை அழுத்தி, முடிந்த மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கேங்க" என்றார்.

எங்களை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டார்கள். தலைவர் அம்மா சொல்லச் சொல்ல இவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். தயார் பண்ணி வந்த பதிலை ஏற்க முடியாது. அவராகச் சொன்ன பதிலில் கஷ்டம் எதுவும் தெரியவில்லை. முதல் அதிகாரி எழுதியதும் அதோடு ஒத்துப்போகிறது. "வர்றவங்க எல்லாருக்கும் ஒரே அளவுகோல்தாம்மா. உங்களுக்கு மட்டும் மாத்தினா, நேத்து வந்தவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்று என்னிடம் கேட்டார். உண்மையாகவே கேட்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

திரும்பும்போது, ரோப் தேய்கிறது என்பதை மறக்காமல் வாட்ச்மேனிடம் சொன்னார். வாட்ச்மேன் நன்றி சொன்னான்.

வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது வேன்காரர் இன்னும் வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. தூக்க ஆள் இல்லை. மாடிப்படிக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்திவிட்டு முதல் படியில் உட்கார்ந்தேன். எதிரே கீழ்வீடு, கதவில் ஓனர் போட்ட பூட்டு. நாளைக்கு அவரிடம் சொல்ல வேண்டும். பேசினால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், ஊருக்கே தெரியும்.

இவர் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"என்னால முடியல. இடுப்புக்குக் கீழ நெருப்பு வச்ச மாதிரி எரியுது. எந்நேரமும் எரியுது. ராத்திரி நீ பாத்தா தூங்கறேன்னு நெனச்சுக்கணும்னுதான் கண்ணை மூடிக்கிட்டுக் கிடக்கறேன். செத்துட்டா தேவலைன்னு இருக்கு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒன்று வந்ததே இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததில் இந்த நெருப்பும் இல்லை, சாவும் இல்லை. அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். அழுதிருக்க வேண்டும். என் வாய் அதற்குள் திறந்துவிட்டது.

"இதை யாரு உங்களுக்குச் சொல்லிக்குடுத்தா?"

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. குரலும் அந்தத் தலைவர் அம்மாவின் குரல் மாதிரியே இருந்தது, ஏற்ற இறக்கமில்லாமல்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலிக் கையை அழுத்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரும் சொல்லிக்குடுக்கலைங்க" என்றார்.

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.