ஆட்டக்காரர் என்கிற நகராட்சி

மூன்றாம் பக்கத்தில் எங்கள் நகராட்சி ஓர் ஆட்டக்காரராகிவிட்டது. "ஆட்டக்காரர் சக ஆட்டக்காரர்களைத் தகாத சொற்களால் திட்டினாலோ, குறுக்கு வழியில் நாணயங்களைச் சேர்த்தாலோ, அவருடைய கணக்கு முன்னறிவிப்பின்றி மூடப்படும்." ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவும் மறு கையில் காகிதமுமாக இருந்த நான் டப்பாவை மூடி வைத்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். காகிதம் மாறிவரவில்லை. நடக்க முடியாதவர்களையும் நோயாளிகளையும் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு அழைத்துப்போகிற நகராட்சி வண்டிகள் இருக்கின்றனவே, எந்த வண்டி எப்போது எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று அவற்றுக்குச் சொல்லும் மென்பொருளின் உரிம ஒப்பந்தம்தான் அது. மேலே படித்தேன். எட்டாம் பக்கத்தில் அதைவிட நல்லதாக ஒன்று கிடைத்தது. "இந்த மென்பொருளை அணு உலைகளிலோ, விமானக் கட்டுப்பாட்டிலோ, நோயாளிகளை ஏற்றிச்செல்லும் பணியிலோ பயன்படுத்தக் கூடாது."

இப்படிப்பட்ட காகிதங்களைப் படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். விற்கிறவர் நகராட்சியின் வழக்கமான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஆணையரே உரிமம் வாங்கிக்கொள்ளலாம். அவர் தன்னுடைய நிபந்தனைகளை நீட்டினால் அது என் மேசைக்கு வரும். நான் அதைப் பிரித்து மேய்ந்து, வேண்டும் வேண்டாம் என்று குறிப்பு எழுதி, அது மன்றக் கூட்டத்துக்குப் போய், அங்கே முழுவதும் வாய்விட்டுப் படிக்கப்பட்டு, உறுப்பினர்கள் கைதூக்கினால்தான் உண்டு. பெரும்பாலும் நான் வேண்டாம் என்றே எழுதுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களிடம் வேறென்ன எழுதுவது? அலுவலகத்தில் எனக்கு 'நிபந்தனை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் காதில் விழாது என்பது அவர்கள் நினைப்பு. வீட்டிலும் கதை அதேதான். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற என் வீட்டுக்காரர், "சோப்பு உறையைப் பின்பக்கம் திருப்பிப் படிக்காம இவ குளிக்கப் போகமாட்டா. எனக்கென்ன, வீட்டுலயே ஒரு வாடிக்கையாளர்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

இந்தத் தடவை வேண்டாம் என்று எழுதக் கை வரவில்லை. மென்பொருள் வருவதற்கு முன்னால் அந்த வண்டிகள் ஓடிய லட்சணம் எனக்குத் தெரியும். கீழ்த்தளத்தில் வண்டி அக்கா என்று நாங்கள் கூப்பிடுகிற அம்மாள் இரண்டு ஃபோன்களையும் ஒரு வெள்ளைப் பலகையையும் வைத்துக்கொண்டு தனியாளாக மல்லுக்கட்டுவார். எழுதுவார், அழிப்பார், அழித்தது யார் பெயர் என்று மறந்துபோய்த் தலையில் கைவைத்துக்கொள்வார். ஒரே தெருவுக்கு இரண்டு வண்டிகள் போய் நிற்கும். மருத்துவமனை வாசலில் ஒருவர் வெயில் சாய்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பார். அந்த ஒருவர் பல நாள் என் மாமனார். சிறுநீரகம் கெட்டுப்போய் வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறார். ஆயுள் முழுக்க பஸ் ஓட்டிய மனிதர். வராத வண்டிக்காகக் காத்திருப்பது அவருக்கு நோயைவிடப் பெரிய அவமானம். சோதனைக்காக இந்த மென்பொருளைப் போட்டபிறகு, ஒரு நாள் வீட்டுக்குள் நுழையும்போதே, "இப்பத்தாம்மா வண்டி வண்டி மாதிரி வருது" என்றார். சோதனைக் காலம் மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் மன்றம் உரிமத்தை ஏற்காவிட்டால் மென்பொருள் நின்றுவிடும். மறுபடி வெள்ளைப் பலகைதான்.

ஒப்பந்தத்தின் அடியில் இருந்த எண்ணுக்கு ஃபோன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் ஒரு குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது. நான் யாரென்று சொல்லி, மூன்றாம் பக்கத்தைப் படித்துக் காட்டினேன்.

"நீங்க அதைப் படிச்சீங்களா?" என்றாள்.

"முழுசா."

"ஐயோ" என்றாள். "மேடம், வேற ஊர்லயெல்லாம் இதே காகிதத்துலதான் கையெழுத்துப் போட்டாங்க. யாருமே ஒண்ணும் சொல்லலையே."

"அங்கெல்லாம் யாரும் யாரையும் திட்டிக்கலை போலிருக்கு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் விஷயம் முழுவதும் வெளியே வந்தது. கம்பெனி என்றால் அவளும் அவள் தம்பியும்தான். தம்பி முன்னால் ஒரு விளையாட்டு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தவன். உரிம ஒப்பந்தம் என்று ஒன்று வேண்டும் என்றதும் அங்கேயிருந்ததை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, ஈயடிச்சான் காப்பி அடித்துவிட்டான். எழுதிய அவனும் படிக்கவில்லை, விற்ற இவளும் படிக்கவில்லை, வாங்கிய ஊர்க்காரர்களும் படிக்கவில்லை. அந்தக் காகிதம் பிறந்ததிலிருந்து அதைக் கடைசி வரி வரை படித்த முதல் ஆள் நான்தான் என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெருமை ரொம்ப நாள் நிலைக்கவில்லை. அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு எங்கள் வழக்கமான ஒப்பந்தத்தை முழுசாகப் படித்து அதில் கையெழுத்திட்டால் எல்லாம் சுலபம், மன்றத்துக்கே போகவேண்டாம் என்று சொல்லி அனுப்பி வைத்தேன். மறுநாள் அவளே கூப்பிட்டாள்.

"மேடம், நேத்து முழுக்க உக்காந்து வரி விடாம படிச்சேன். பதினோராவது ஷரத்துல கையெழுத்துப் போட முடியாது. எந்த நஷ்டம் வந்தாலும், எவ்வளவு வந்தாலும் நாங்களே குடுக்கணும்னு இருக்கு. இருக்கிற வீட்டை வித்தாலும் பத்தாது."

"எல்லாரும் போடறதுதாம்மா அது."

"எல்லாரும் படிக்காம போடறாங்க. நீங்கதானே படிக்கச் சொன்னீங்க?"

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. ஆனால் அவள் சொன்னதில் பிழை இல்லை. இத்தனை வருஷமாக அந்தப் பதினோராவது ஷரத்தை நான்தான் ஊரெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். பெரிய கம்பெனிகள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடும். நாளைக்கு வழக்கென்று வந்தால் பார்த்துக்கொள்ள அவர்களிடம் வக்கீல் பட்டாளமே இருக்கிறது. இவர்களிடம் இருப்பது ஒரு வீடு. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னேன்: "அப்ப நீங்களே எழுதுங்க. உங்களால எதுக்குப் பொறுப்பேத்துக்க முடியுமோ அதை மட்டும் எழுதுங்க. யாரையும் பாத்து எழுத வேண்டாம்."

ஒரே ஒரு பக்கம் வந்தது. "நாங்கள் அக்காவும் தம்பியும். ஒருவருக்கு முடியாவிட்டால் மற்றவர் பார்த்துக்கொள்வார். இருவருக்கும் முடியாவிட்டால் உடனே ஃபோனில் சொல்வோம். தொழிலை மூடுவதாக இருந்தால் மூன்று மாதம் முன்பே சொல்வோம், அதுவரை மென்பொருள் ஓடும். தினமும் மாலையில் மறுநாள் பயணப் பட்டியல் காகிதத்தில் அச்சாகும். மென்பொருள் படுத்துவிட்டால் அதை வைத்து ஒரு நாள் சமாளிக்கலாம். பயணிகளைப் பற்றிய விவரங்களை யாருக்கும் தரமாட்டோம், விற்கமாட்டோம். எங்கள் தவறால் வண்டி வராமல் போனால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவோம். அதற்கு மேல் தருவதற்கு எங்களிடம் இல்லை."

கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தரமாட்டோம் என்று சொல்கிற ஒப்பந்தங்களைப் பார்த்திருக்கிறேன். தரவேண்டியதில்லை என்று பத்துப் பக்கம் சுற்றி வளைத்துச் சொல்கிறவற்றைப் பார்த்திருக்கிறேன். எங்களிடம் இல்லை என்று சொன்ன முதல் ஒப்பந்தம் இதுதான். எனக்கு அதைப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டதே என்று பயமாகவும் இருந்தது.

ஆணையர் நல்லவர், ஓய்வுக்கு அருகில் இருப்பவர். காகிதத்தைப் பார்த்துவிட்டு, "வேண்டாம்னு எழுதிட்டா உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல" என்றார். "ஆமான்னு எழுதி, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, மாமனாருக்காக எழுதினாங்கன்னு ஊர் சொல்லும்." அவர் சொன்னது எனக்குத் தெரியாததல்ல. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

அன்றைக்கு வீட்டில் சாப்பிடும்போது விஷயத்தைப் போட்டு உடைத்தேன். வீட்டுக்காரர் எனக்குத் தண்ணீர் ஊற்றினார். மாமாவுக்கு அணு உலை விஷயம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. "அப்ப நானும் அணு உலையும் ஒண்ணா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். இருமல் வந்து நின்றபிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"நான் போறேன்னு ஆமான்னு எழுதாதே. நான் போறேன்னு வேண்டாம்னும் எழுதாதே. பின்னாடி யார் உக்காந்திருக்காங்கன்னு பாத்து ஓட்டினா வண்டி பள்ளத்துலதாம்மா இறங்கும்."

"நீங்க ஓட்டினப்ப அத்தை பின்னாடி உக்காந்ததே இல்லையா?"

"அவ முன்னாடிதான் உக்காருவா. அவதான் ஓட்டினா" என்றார் மாமா.

குறிப்பை மறுநாள் காலையில் எழுதினேன். முதல் வரியிலேயே, என் மாமனார் இந்த வண்டியில் போகிறார் என்று எழுதிவிட்டேன். அப்புறம், பதினோராவது ஷரத்து இல்லாவிட்டால் நகராட்சிக்கு என்ன நஷ்டம் வரலாம் என்பதை ஒளிக்காமல் எழுதினேன். கடைசியில் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதியபோது கை பழகாத வார்த்தையாகத்தான் இருந்தது.

மன்றத்தில் எங்கள் விஷயம் கடைசியாக வந்தது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "படிச்சதா எடுத்துக்கலாமா?" என்றார். வழக்கமாக எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். வாய்விட்டுப் படிக்கவேண்டும் என்ற விதியை நிறைவேற்றுகிற விதமே அதுதான்.

"ஆட்சேபணை" என்றார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த உறுப்பினர். இரும்புக்கடைக்காரர். தெருவிளக்கு போடுவதற்கும் ஆட்சேபிப்பார், அணைப்பதற்கும் ஆட்சேபிப்பார். அவருக்கு அதுவே பெயராகவும் ஆகிவிட்டது. "விதின்னு இருந்தா விதி. படிக்கட்டும்."

நான் எழுந்து நின்று படித்தேன். ஒரு பக்கம்தானே. அக்கா தம்பி என்று ஆரம்பித்ததும் சிலர் சிரித்தார்கள். போகப்போக யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது தலைவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல காய்ச்சல் வந்தா?" என்றார் ஆட்சேபணை.

"அன்னிக்குக் காகிதப் பட்டியலை வச்சு வண்டி ஓடும்."

"மறுநாளும் காய்ச்சல் விடலேன்னா?"

"மறுநாளிலேர்ந்து நமக்குக் கஷ்டம்தான்" என்றேன்.

"பெரிய கம்பெனிகிட்ட போனா?"

"அவங்களுக்குக் காய்ச்சல் வராது. ஆனா அவங்க காகிதத்துல, எப்ப வேணும்னாலும் காரணம் சொல்லாம நிறுத்துவோம்னு இருக்கும். நம்ம காகிதத்துலயே கையெழுத்துப் போட்டாலும் கிடைக்கிறது பதினோராவது ஷரத்துதான். வண்டி வராதவங்களுக்கு அந்தக் கையெழுத்தால என்ன பிரயோஜனம்னு எனக்குத் தெரியல."

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "உங்க வீட்டுலேர்ந்து யாராவது இந்த வண்டில போறாங்களா?"

"என் மாமனார் போறார். முதல் வரியிலேயே எழுதியிருக்கேன்."

"படிச்சேன். உங்க வாயால கேக்கலாம்னுதான்."

மன்றம் கைதூக்கும் நேரத்தில் சொந்த சம்பந்தம் உள்ளவர் அறையில் இருக்கக் கூடாது. தலைவர் மரியாதையாகக் கதவைக் காட்டினார். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே உடனே நாலைந்து குரல்கள் ஒன்றாக எழுந்தன. கதவின் கண்ணாடி பனி படிந்த மாதிரி மங்கலாக இருக்கும். ஆட்கள் தெரிவார்கள், முகம் தெரியாது.

வெளியே நடைவழிப் பெஞ்சில் வண்டி அக்கா உட்கார்ந்திருந்தார். ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வரச்சொல்லியிருந்தார்கள், யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. "என்ன ஆச்சு?" என்று கண்ணாலேயே கேட்டார். நான் தோளைக் குலுக்கினேன். அவருக்குப் பக்கத்தில் உட்காரப்போனேன், அதற்குள் அவர் மடியில் இருந்த ஃபோன் அடித்தது.

"சொல்லுங்கண்ணே... ஆமா, வீட்டு விலாசம் அதேதானே? ஒண்ணாம் தேதியா?" அக்கா நிறுத்தினார். ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "பாலத்தடித் தையல்காரர். அவர் பொண்டாட்டிக்கு ஒண்ணாம் தேதி ஆபரேஷனாம். படுக்க வச்சே கூட்டிட்டுப் போகணுமாம். காலையில வண்டி வருமான்னு கேக்கறார். என்ன சொல்ல?"

எனக்குள் நிபந்தனைகள் வரிசையாக எழுந்து நின்றன. மன்றம் ஒப்புக்கொள்ளும் பட்சத்தில், ஆணையர் கையெழுத்திடும் பட்சத்தில், கம்பெனி அக்காவுக்கும் தம்பிக்கும் காய்ச்சல் வராத பட்சத்தில். ஒன்றுகூடப் பொய்யில்லை. வெள்ளைப் பலகையை நினைத்துக்கொண்டேன். மன்றம் முடியாது என்றால் ஒன்றாம் தேதி விடியற்காலையில் நானும் அந்தப் பலகை முன்னால் போய் நிற்கவேண்டியதுதான். ஒரு ஃபோனை வண்டி அக்கா எடுக்கட்டும், இன்னொன்றை நான் எடுக்கிறேன். கையை நீட்டி ஃபோனை வாங்கினேன்.

"வரும்" என்றேன்.

அந்தப் பக்கத்தில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. "நிச்சயமா வருமாம்மா? வேற ஆட்டோ கீட்டோ பேசி வைக்கணுமான்னுதான் கேட்டேன்."

"பேச வேண்டாம். வண்டி வரும்."

"சரிம்மா" என்றார். "அவகிட்ட சொல்லிடறேன். ராத்திரியெல்லாம் அதையேதான் கேட்டுக்கிட்டிருந்தா." இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

ஃபோனை அக்காவிடம் கொடுத்தேன். பயமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே குரல்கள் அடங்கிவிட்டன. மங்கல் கண்ணாடிக்குப் பின்னால் கைகள் உயரத் தொடங்கின. எத்தனை என்று எண்ண முடியவில்லை, ஒன்றோடொன்று கலந்து தெரிந்தன. ஜன்னலோரம், ஆட்சேபணை இருந்த இடத்தில் மட்டும் ஒரு கை கன்னத்திலிருந்து கிளம்பி, தோள் உயரம் வரை வந்து, அங்கேயே நின்றுகொண்டிருந்தது.