முப்பத்தோராவது சுற்று

பழைய கார்ப் பந்தயங்களைப் பற்றிப் புத்தகம் எழுதும் பெண் தொலைபேசியில் சொன்ன நல்ல செய்தி, கடிகாரத்துக்கு நல்ல செய்தியாகப் படவில்லை.

'கடிகாரம்' என்பது அவளுடைய பட்டப்பெயர். கார்ப் பந்தய உலகத்தில் யாரும் அவளை வேறு பெயரில் கூப்பிட்டதில்லை. அவள் கணவர் உலகத்தின் பெரிய பந்தயங்களில் பதினேழாம் எண் காரை ஓட்டிய காலம் அது. ஓடுபாதையை ஒட்டிய குட்டைச் சுவரில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கழுத்தில் இரண்டு ஸ்டாப்வாட்ச், மடியில் ஒரு அட்டை, காதுக்குப் பின்னால் பென்சிலோடு அவள் சுற்றுக் கணக்கு எழுதுவாள். அவள் கணக்கு தப்பியதே இல்லை என்று பெயர்.

"அம்மா, நல்ல சேதி. அந்த மழைப் பந்தயத்த ஒருத்தர் கேலரியிலிருந்து பிலிம்ல எடுத்திருக்காரு. அவரோட பேத்திக்கு இப்பதான் பழைய பெட்டியிலிருந்து கிடைச்சிருக்கு. முப்பத்தோராவது சுத்து முழுசா இருக்காம்! கம்ப்யூட்டர்ல ஏத்தக் குடுத்திருக்கேன். சனிக்கிழமை கொண்டுவர்றேன், எல்லாரும் சேந்தே பாத்துருவோம்."

"ரொம்ப சந்தோஷம்மா" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு காரிலும் ஒரு சிறு மின்னணுப் பெட்டி இருக்கிறது. கார் கோட்டைத் தாண்டினால் ஆயிரத்தில் ஒரு நொடி வரை அதுவே சொல்லிவிடும். நாற்பத்தாறு வருடங்களுக்கு முன்னால் அந்த வேலையைக் கண்கள்தான் செய்தன, பெரும்பாலும் ஓட்டுநர்களின் மனைவிமாரின் கண்கள். ஒவ்வொரு சுற்றிலும் எந்த எண் முதலில் போனது, எது அடுத்தது என்று வரிசையாக எழுத வேண்டும். தும்மக்கூட நேரமிருக்காது.

அவள் எழுதியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அன்றைய ஓட்டுநர்கள் திறந்த காரில், ஒரு தோல் தொப்பியும் துணிச்சலுமாக ஓட்டியவர்கள். பாதையோரம் வைக்கோல் கட்டுகள்தான் காவல். வருடத்துக்கு இரண்டு மூன்று பேரையாவது அடக்கம் செய்துவிட்டுத்தான் சீசன் முடியும். அவள் பெட்டியில் எப்போதும் ஒரு கறுப்பு உடை மடித்து வைத்திருப்பாள். ஒவ்வொரு சுற்றிலும் கடைசி வளைவில் பதினேழின் என்ஜின் சத்தம் கேட்டதும் 'வந்துட்டாரு' என்று மூச்சு விடுவாள். பிறகுதான் பென்சில் ஓடும். பத்துக் குழந்தைகள் ஒன்றாக அழுதாலும் தன் பிள்ளையின் குரல் தாய்க்குத் தெரியுமல்லவா, அப்படித் தெரியும் அவளுக்கு அந்தச் சத்தம்.

அந்தப் பந்தயத்தில் முப்பதாவது சுற்று முடியும்போது வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. முதலில் பதினேழு, அடுத்து நாலு. நாலாம் எண்ணை ஓட்டியவரை எல்லோரும் நெட்டை என்பார்கள். காரில் உட்கார்ந்தால் அவர் தலை மட்டும் கோபுரம் மாதிரி நிற்கும். முப்பத்தோராவது சுற்றில் கார்கள் கிளப்பிய தண்ணீர்ப் புகையில் எதுவும் தெரியவில்லை. போதாக்குறைக்கு, அட்டை நனையக்கூடாது என்று ஒரு மெக்கானிக் அவள் முகத்துக்கு நேரே பெரிய குடையை விரித்துவிட்டான். குடைக்கு அந்தப் பக்கம் ஒரு என்ஜின் சீறிக்கொண்டு போனது. 'வந்துட்டாரு.' பதினேழு என்று எழுதிவிட்டாள். காரை அவள் பார்க்கவில்லை.

கடைசியில் பதினேழுதான் முதலில் கொடியைத் தாண்டியது. ஆனால் அதிகாரிகளின் ஏட்டில் முப்பத்தோராவது சுற்றில் பதினேழே இல்லை. கார் எங்கோ சுழன்று நின்று ஒரு சுற்றையே விட்டுவிட்டது, வெற்றி எங்களுக்குத்தான் என்று நெட்டையின் மேனேஜர் குதித்தார். சுழன்றது உண்மைதான்; எந்தச் சுற்றில், எவ்வளவு நேரம் என்று அவள் கணவருக்கே சொல்லத் தெரியவில்லை. அதிகாரிகள் அவளுடைய அட்டையை வாங்கிப் பார்த்தார்கள்.

"உங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றாள்.

அந்த ஒரு சொல்லில் பந்தயம் முடிவானது. அவள் கணவர் பதினோரு வருடம் ஓட்டினார். சரித்திரத்தில் அவர் பெயருக்கு நேரே இருக்கும் ஒரே வெற்றி அதுதான். அன்றிலிருந்து அவள் நெட்டை இருக்கும் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

போன் வந்த பிறகு மூன்று நாள் சோறு இறங்காமல் கழிந்தது. வெள்ளிக்கிழமை காலை அவளும் கணவரும் மருந்துக் கடைக்குக் கிளம்பினார்கள். அவர்தான் காரை ஓட்டினார், முப்பது கிலோமீட்டர் வேகத்தில். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்துபோனார்கள். என்ஜின் சத்தத்திலேயே பாதிக் காதைத் தொலைத்தவருக்கு அது எட்டவில்லை.

"ஏங்க, அந்த மழைப் பந்தயத்துல நான் கார பாக்கல" என்றாள்.

"எந்தக் கார?"

"உங்க கார! முப்பத்தோராவது சுத்துல!"

"சத்தமா சொல்லு, என்ன சுத்தணும்?"

சிக்னலில் கார் நின்றது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "பாக்காமலே பாத்தேன்னு பொய் சொன்னேன்! பொய் சொல்லித்தான் உங்கள ஜெயிக்க வச்சேன்!" என்று கத்திவிட்டாள். பக்கத்தில் பைக்கில் நின்றவன் திரும்பிப் பார்த்து, பெரியவரைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனான்.

அவர் காரை ஓரங்கட்டி என்ஜினை அணைத்தார்.

"நாப்பத்தாறு வருஷமா?"

"ஆமா."

"எங்கிட்டகூட சொல்லாம?"

"உங்ககிட்ட எப்படிங்க சொல்றது? உங்களுக்கு இருக்கறதே அந்த ஒண்ணுதான்."

அவர் மருந்துக் கடையை மறந்து காரை வீட்டுக்குத் திருப்பினார். வந்ததும் அலமாரியிலிருந்து அந்தப் பந்தயத்தின் வெற்றிக் கோப்பையை எடுத்துத் துடைத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

"நெட்டை, நான்தான்டா. நாளைக்கு வீட்டுக்கு வா. ஒரு படம் போடறாங்க. எங்கிட்ட இருக்கற ஒரு சாமான் உன்னோடதா இருக்கலாம். கண்டிப்பா வா."

அவளுக்குப் பகீரென்றது. ஆனாலும், சொல்லியாச்சு என்ற நினைப்பில் நெஞ்சுக்குள் ஏதோ கொஞ்சம் இளகியிருந்தது. அன்று மத்தியானம் இரண்டு கவளம் கூடுதலாகவே இறங்கியது.

சனிக்கிழமை நெட்டை கைத்தடியோடு வந்து, நிலைப்படியில் குனிந்து உள்ளே நுழைந்தார். வயது அவரை இரண்டு அங்குலம்தான் குறைத்திருந்தது. "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

புத்தகக்காரப் பெண் மேஜையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தாள். கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு நாலு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். சத்தமில்லாத படம். முதலில் வெயில், பிறகு கேலரியில் தொப்பிகள் பறந்தன, பாதை கறுத்தது. எதிர்ப்புறச் சுவரில் குட்டியாக ஒரு பெண் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பெரிய குடை வந்து அவளை மூடியது.

"இதுதான் முப்பத்தொண்ணு" என்றாள் புத்தகக்காரி.

கடிகாரம் கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் வெறும் வெள்ளைப் புகை. அதைக் கிழித்துக்கொண்டு ஒரு கார் மூக்கை நீட்டியது. பெண் சட்டென்று படத்தை நிறுத்தினாள். மூக்கின்மேல் பதினேழு. அதன் வால்பக்கத் தண்ணீரில் மூழ்கினாற்போல், ஒரு கார் நீளம் பின்னால், நாலு.

"இன்னொரு தடவ போடும்மா" என்றார் கணவர். மூன்று தடவை போட்டார்கள். மூன்று தடவையும் பதினேழு வந்தது.

"வந்துட்டாரு" என்றாள் கடிகாரம். கண்ணிலிருந்து கொட்டியதை நிறுத்தவே முடியவில்லை. அதற்கு நடுவே சிரிப்பும் வந்தது. கணவர் அவள் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார், புரையேறியவளுக்குத் தட்டுவது மாதிரி.

"நெட்டை, உன்ன வீணா வரவழைச்சிட்டேன்டா" என்றார்.

நெட்டை கைத்தடியின் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "வீணா ஒண்ணுமில்ல. எனக்கு இது அன்னிக்கே தெரியும்."

"என்னது?"

"முப்பத்தொண்ணுல உன் டயர் அடிச்ச தண்ணிய முழுசாக் குடிச்சவன் நான்தான்டா. முப்பத்திரண்டுல நீ சுழண்ட. நான் தாண்டினேன். பத்து செகண்ட்ல மறுபடி என் கண்ணாடில வந்து நின்னே. சுத்தெல்லாம் ஒண்ணும் போகல."

"அப்புறம் ஏண்டா உன் மேனேஜர் அந்தக் குதி குதிச்சாரு?"

"அவருக்குத் தெரியாது. நான் சொல்லல." அவர் கடிகாரத்தின் பக்கம் திரும்பினார். "எனக்கு ஜெயிக்கணும்னு இருந்துச்சும்மா. வாய மூடிட்டு உக்காந்திருந்தேன். நீ பாத்தேன்னு சொன்னதும்தான் உயிர் வந்துச்சு. அப்பாடா, திருட்டுக் கோப்பை நமக்கு வேண்டாம்னு ஆயிடுச்சு. அதுக்கப்புறம் நீ என்னைக் கண்டாலே ஒதுங்கிப் போவியா, இவளுக்கு என் யோக்கியதை தெரிஞ்சுபோச்சுன்னு நானும் பக்கத்துல வரல."

"ஐயோ, உங்க மூஞ்சியப் பாக்க பயந்துகிட்டு நான் ஒதுங்கினேன்!" என்றாள் அவள்.

கணவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "நல்ல ஆளுங்க. நடுவுல நான் ஒருத்தன், எதுவும் தெரியாம பதவிசா கப்பத் துடைச்சுகிட்டு இருந்திருக்கேன்" என்றார். முதலில் சிரித்தது புத்தகக்காரிதான்.

சிரிப்பு அடங்கியதும் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இதையெல்லாம் எழுதலாமாம்மா?"

"எழுது. அவ பாக்கல, காதால கேட்டுதான் எழுதினான்னு அப்படியே போடு. நான் பொய் சொன்னதையும் சேத்து" என்றாள் கடிகாரம்.

"என்னையும் போடு" என்றார் நெட்டை. "ஆனா இரண்டாவது இடம்னு கொஞ்சம் பெரிய எழுத்துல."

கடிகாரம் எழுந்து டீ போட்டாள். நாலு கோப்பையிலும் சர்க்கரை போட்டாளா இல்லையா என்று அவளுக்கே சந்தேகம் வந்து, ஒவ்வொன்றிலும் இன்னொரு ஸ்பூன் போட்டாள். எல்லோரும் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்கள். அடுத்த மாதம் பழைய ஓட்டுநர்கள் கூடுகிறார்கள் என்றும், மிச்சமிருப்பது ஆறே பேர்தான் என்றும், தன் மனைவி அவளைப் பற்றி இன்னும் விசாரிக்கிறாள் என்றும் நெட்டை சொல்லிக்கொண்டிருந்தார்.

"எத்தனாம் தேதி?" என்று கேட்டுக்கொண்டே அவள் சுவரிலிருந்த காலண்டரின் தாளைத் திருப்பினாள்.