எழுபது வினாடிக்குள்ளே

பின்டாரா பந்தயத் தடத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது நெரிடா ஹாஸ்லமின் தீர்மானமான கருத்து. மீதிப் பேருக்கு ஓரளவு தெரியும், ஆனால் வாயை மூடத் தெரியாது. மாதம் ஒரு சனிக்கிழமை, கட்டணம் கட்டி, சொந்தக் காரிலேயே சுற்றிச் சுற்றி வந்துவிட்டு வீட்டுக்குப் போகிற கூட்டம் அது. பரிசு கிடையாது, கோப்பை கிடையாது. அதனாலேயே ஒவ்வொருவனும் தன் சுற்று நேரத்தைக் கோப்பை மாதிரித் தூக்கிக்கொண்டு அலைந்தான். தொத்திறைச்சி சுடுகிற இடத்துப் பக்கம் போனால் போதும், வாயில் ரொட்டியும் வெங்காயமும் இருக்கும்போதே ஜிபிஎஸ் பேச்சு ஆரம்பித்துவிடும். என் கருவி வினாடிக்குப் பத்துத் தடவை இடம் பார்க்கிறது, உன்னுடையது எத்தனை தடவை பார்க்கிறது என்று விசாரணை நடக்கும்.

நெரிடாவுக்கு அந்தக் கண்றாவி எதுவும் தேவைப்படவில்லை. வாரநாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள், சனிக்கிழமை தன் சின்னச் சிவப்பு மாஸ்டாவை ஓட்டுவாள். தடத்தின் ஓரச் சுவரில் சாய்ந்து நின்று அவள் கணவன் க்ளைவ் ஸ்டாப்வாட்சை அழுத்துவான். குளிர்பெட்டி பழுதுபார்க்கிற, அதிகம் பேசாத மனுஷன். அவன் சீட்டில் எழுதிக் கொடுக்கிற நேரம் எழுபது வினாடிக்குக் கீழேயே இருக்கும். எழுபதுக்குள் சுற்றுகிறவர்களுக்குத்தான் முதல் குழு. அந்தக் குழுவில் ஒன்பது வருஷமாக அவள் பெயர் இருந்தது. இரண்டாம் குழுவை அவள் 'மாவு அரைக்கிற கூட்டம்' என்பாள், அவர்கள் காதுபடவே.

அந்தச் சனிக்கிழமை காலையில் பெவ் க்ளைவின் போன மாதச் சீட்டை வாங்கவில்லை. பெவ்தான் அங்கே எல்லாம். பேர் பதிவதும் அவள்தான், கொடி காட்டச் சொல்வதும் அவள்தான்.

"இனிமே கையெழுத்துச் சீட்டு செல்லாது, கண்ணு. ஜிபிஎஸ் கருவியில வந்த நேரம்தான். மதியத்துக்குள்ள எழுபதுக்குக் கீழ காட்டு, உன் இடம் உனக்கு. அதுவரைக்கும் ரெண்டாம் குழு."

"நானா? அந்த மாவு அரைக்கிறவங்க கூடவா?"

"மதியம் வரைக்கும்தான்," என்றாள் பெவ், பட்டியலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நெரிடாவுக்கு ரத்தம் கொதித்தது. கருவி இரவல் வேண்டுமானால் ராட்னியிடம் போகவேண்டும். ராட்னி பல் டாக்டர். வெள்ளை போர்ஷே வைத்திருந்தான், ஊரிலுள்ள கருவி அத்தனையும் வைத்திருந்தான். கேட்டதும் அவன் முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்த்து அவளுக்கு எரிச்சல் இன்னும் கூடியது. காரின் மூடியைத் திறந்து, துணி விரித்து, மூன்றை வரிசையாக வைத்தான்.

"முதல்ல இது. வெறும் ஃபோன்தான். வினாடிக்கு ஒரு தடவைதான் இடம் பார்க்கும். நேர்பாதையில நீ ஒரு வினாடியில நாப்பது மீட்டருக்கு மேல போயிடுவே. சுத்து முடியற கோட்டை நீ எப்பத் தாண்டினேன்னு அதுவா ஒரு கணக்குப் போட்டுக்கும்."

"அப்ப அது ஜோசியம்," என்றாள் நெரிடா. "அடுத்தது?"

"இது திரை வச்சது. வினாடிக்கு இருபத்தஞ்சு தடவை. போன சுத்தைவிட வேகமாப் போனா பச்சை, மெதுவாப் போனா சிவப்பு. ஓட்டிக்கிட்டே பார்க்கலாம்."

"போன மாசம் நீ அப்படிப் பார்த்துக்கிட்டேதானே சரளைக்குள்ள போய் உக்காந்தே, டாக்டரே? பச்சையா எரிஞ்சுதாமே, இழுவை வண்டிக்காரன் சொன்னான்."

ராட்னி சிரித்தான். சிரிக்கிறவனை மேற்கொண்டு குத்த முடியாதது அவளுக்குப் பெரிய ஏமாற்றம். மூன்றாவது தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதுவும் வினாடிக்கு இருபத்தைந்து தடவை, ஆனால் திரை கிடையாது. ஓட்டி முடித்துவிட்டு ஃபோனில் எடுத்துப் பார்க்கவேண்டும். ஓட்டுகிறபோது வாயைத் திறக்காத ஒரே காரணத்துக்காக அவளுக்கு அது பிடித்துப்போனது.

"ஃபோனே போதுமே, நெரி," என்றான் பின்னால் நின்ற க்ளைவ்.

"ஜோசியம்னு இப்பத்தானே சொன்னேன்? காதுல விழலையா?"

"இல்ல, இன்னிக்குக் காத்து வேற எதிர்க்காத்தா அடிக்குது. அடுத்த மாசம் பார்த்துக்கலாமே."

"உன் வேலை கட்டைவிரல் வேலை. அதைப் பாரு," என்றாள். க்ளைவ் சுவரை நோக்கி நடந்தான்.

அவள் உயிரைக் கொடுத்து ஓட்டினாள். இரண்டாம் குழுவில் முன்னால் வந்த ஒவ்வொருவனையும் திட்டிக்கொண்டே தாண்டினாள். மலையேற்ற வளைவில் பிரேக்கை விட்டது அவள் வாழ்நாளிலேயே கச்சிதமாக அமைந்தது. இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றுமுன்பே கேட்டாள்: "எவ்வளவு?"

ராட்னி ஃபோனைப் பார்த்தான், மறுபடி பார்த்தான். "எழுபத்திரெண்டு புள்ளி ஒண்ணு. அதான் இருக்கறதுலயே நல்லது."

க்ளைவின் சீட்டில் அறுபத்தொன்பது புள்ளி ஐந்து என்று இருந்தது.

"பெட்டி குப்பை," என்றாள் நெரிடா. "கோட்டை எங்கேயோ கொண்டுபோய் வச்சிருக்கே நீ."

ராட்னி வரைபடத்தைக் காட்டினான். கோடு சரியாக க்ளைவ் நின்ற இடத்துக்கு நேராகவே இருந்தது. அவள் நம்பவில்லை. அடுத்த முறை மூன்றையும் காரில் கட்டிக்கொண்டு போனாள். பெட்டி எழுபத்திரண்டு என்றது, திரையும் எழுபத்திரண்டு என்றது, ஜோசியக்கார ஃபோன்கூட எழுபத்தொன்று புள்ளி எட்டுக்குக் கீழே இறங்க மறுத்தது. க்ளைவின் சீட்டில் மட்டும் அறுபத்தொன்பது புள்ளி நாலு.

இந்நேரம் தொத்திறைச்சியும் கையுமாக ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். இரண்டாம் குழு ஆட்களும் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை, அதுவே அவளுக்குப் பொறுக்கவில்லை.

"மூணும் ஒரே கடைச் சரக்கு, ஒரே பொய்யைத்தான் சொல்லும்!" என்று கத்தினாள். "ஒன்பது வருஷமா நிக்கிறான் அந்த ஆளு. அவன் விரல் தப்பாதுன்னு இப்பவே காட்டறேன். டாக்டரே, நீ போய் மூணு சுத்து சுத்து. க்ளைவ் அழுத்தட்டும். பெவ், நீ பக்கத்துல நின்னு பாரு."

"வேண்டாம், நெரி," என்றான் க்ளைவ்.

"எதுக்கு வேண்டாம்? பயப்படாம அழுத்து."

ராட்னி போனான். க்ளைவ் சுவரோரம் நின்று, பெவ்வின் கண்முன்னால் மூன்று தடவை அழுத்தினான். அறுபத்தாறு புள்ளி எட்டு. அறுபத்தாறு புள்ளி மூன்று. அறுபத்தேழு. ராட்னி திரும்பி வந்து திரையைக் காட்டினான். மூன்றிலும் பத்தில் ஒரு பங்கு வினாடிகூட வித்தியாசம் இல்லை.

"பார்த்தியா?" என்று நெரிடா பெவ் பக்கம் வெற்றியோடு திரும்பினாள். "என்ன சொன்னேன்? அவன் விரல் தப்பவே தப்பா..."

பாதியில் நின்றாள். ராட்னிக்குத் தப்பாத விரல் தனக்கு மட்டும் எப்படித் தப்பும் என்பது அப்போதுதான் அவள் மண்டையில் ஏறியது. நிமிஷக் கணக்குப் பார்த்துப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு இது இவ்வளவு நேரம் எடுத்திருக்கக் கூடாது. ஆனால் அடுத்தவர்களை முட்டாள் என்று சொல்லிக்கொண்டே இருப்பவர்களுக்கு இப்படித்தான், தங்கள் முறை வரும்போது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும்.

கூட்டத்திலிருந்தவர்கள் அவரவர் ரொட்டியைக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

"உங்க எல்லாருக்கும் தெரியுமா?" என்றாள்.

பதில் பெவ்விடமிருந்து வந்தது. "கண்ணு, முதல் குழுவுல ஒவ்வொருத்தனும் உன்னைத் தாண்டிப் போறான். அவங்க எஞ்சின் பெருசுன்னு நீ சொல்லுவே. போன மாசம் ஒருத்தன் நூலிழையில உன் முதுகுல இடிக்காமத் தப்பிச்சான். அதுக்கப்புறம்தான் இந்த விதியை எழுதினேன். உனக்காகத்தான் எழுதினேன்."

"நேரா என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு?"

"உன்கிட்டயா?" என்றாள் பெவ். பட்டியலைச் சுவர்மேல் வைத்துவிட்டு, எல்லாரையும் கையசைத்து விரட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சுவரோரம் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் நின்றார்கள். எதிர்க்காற்று உண்மையாகவே பலமாக அடித்தது. ஒன்பது வருஷத்தில் அவள் மட்டம்தட்டிய ஆட்கள் முகமெல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் வந்தது. அவர்கள் திருப்பித் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அத்தனை பேரும் அவளைப் பார்த்துப் பாவப்பட்டு, வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அவன் நேரத்தைக் குறைத்து எழுதியதற்கு அவளுக்கு ஒரு நல்ல காரணம் வேண்டியிருந்தது. அதை அவளே அவனுக்கு எடுத்துக் கொடுத்தாள்.

"உண்மை நேரம் தெரிஞ்சா நான் இன்னும் வேகமாப் போய் எங்கேயாவது மோதிடுவேன்னு பயந்துட்டே. அதானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். க்ளைவ் ஸ்டாப்வாட்சின் கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றினான்.

"இல்ல, நெரி. முதல் மாசம் எழுபத்தி மூணுன்னு உள்ளதைச் சொன்னேன். வீடு போய்ச் சேர்ற வரைக்கும், அப்புறம் ஒரு வாரம், எனக்கு அழுத்தத் தெரியலன்னு திட்டினே. அடுத்த மாசத்துலேர்ந்து குறைச்சு எழுதினேன். உனக்குப் பயந்துதான் எழுதினேன்."

நெரிடா சுவர்ப் பக்கம் திரும்பினாள். பெவ் விட்டுப்போன பட்டியலை எடுத்து, முதல் குழுவில் தன் பெயரை அடித்தாள். இரண்டாம் குழுவில் கடைசியாக எழுதி, பக்கத்தில் எழுபத்திரண்டு என்று தன் கையாலேயே போட்டாள்.