முட்டைப் பிரஷின் சிவப்பு நூல்

என் தம்பி மகளுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் இன்ஸ்பெக்டர். எந்தப் பாக்கெட்டைக் கையில் எடுத்தாலும் முன்பக்கத்துப் படத்தைப் பார்க்க மாட்டாள். திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைத்தான் படிப்பாள். மற்ற பிள்ளைகள் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்த வயதில் இவள் "பால் பொடி, முட்டை வெள்ளைக்கரு" என்று கடகடவென்று வாசித்தாள். பாலோ முட்டையோ கடுகளவு உள்ளே போனால் போதும், உதடு வீங்கிவிடும், மூச்சு இழுக்கும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதெல்லாம் உண்டு. கேக், பிஸ்கட்டில் இருப்பது ஊருக்கே தெரியும். சூப் பொடியில் எதற்குப் பால்? சிப்ஸ் மேல் தூவிய மசாலாவில் எதற்குப் பால்? அது எங்கெல்லாம் ஒளிந்துகொள்கிறது என்று அவளைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

இதில் கொடுமை, அவளைப் பெற்றவன் பேக்கரிக்காரன். கண்ணாடி அலமாரி நிறைய கிரீம் கேக்கும் வெண்ணெய் பிஸ்கட்டும் அடுக்கிவைத்திருப்பான். சொந்த மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதை நான் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்தேன்.

அவனும் பெண்டாட்டியும் ஒத்துவராமல் பிரிந்தபோது பிள்ளை அம்மாவோடு போனாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் இங்கே வந்துவிடுவாள். அவள் பயமில்லாமல் தின்னக்கூடிய ரொட்டி இந்த ஊரிலேயே இவன் சுடுவது ஒன்றுதான். வாரத்துக்கு வேண்டிய ரொட்டி, பன், பிஸ்கட் எல்லாம் சுட்டு டப்பாவில் போட்டு அனுப்புவான். வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் அவளுக்கென்று தனியாக ஒரு சின்னக் கேக்கும் போகும். ஊரே தின்னும்போது தன் பிள்ளை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது என்பான். அந்தக் கேக்கில் முட்டைக்குப் பதில் வினிகரும் சோடாவும், பாலுக்குப் பதில் தண்ணீர், வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய். உள்ளதைச் சொல்கிறேன், அது மரத்தூளுக்கு ஒன்றுவிட்ட தம்பி. "பக்கத்துல தண்ணி வச்சுக்கிட்டுதான்டா இதத் திங்கணும்" என்று அவனிடமே சொல்லியிருக்கிறேன். அவனுக்குக் கோபமே வராது. "சாப்பிடப்போறவ நீ இல்லையேக்கா" என்பான்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு அவன் ஒரு ஒழுங்கு வைத்திருந்தான். விடிந்ததும் மேசையைச் சோடா போட்டுத் தேய்ப்பான். தட்டுகளைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுப்பான். அடுப்பில் முதல் ஈடு மகளுடையது. அது வெந்து இறங்கி டப்பாவுக்குள் போகும்வரை கடைக்குள் ஒரு முட்டை உடையக் கூடாது. பன் மேல் பளபளப்புக்கு முட்டை அடித்துத் தடவுவது பேக்கரி வழக்கம். அவள் பன்னுக்கு மட்டும் சர்க்கரைத் தண்ணீர், அதற்குத் தனிப் பிரஷ். முட்டை தடவும் பிரஷை எவ்வளவு கழுவினாலும் முடியின் அடியில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும், அதை நம்பக் கூடாது என்பான். அந்த வாரம் பழைய பிரஷ்கள் முடி கொட்டுகிறதென்று புதிதாக இரண்டு வாங்கினான். இரண்டும் ஒரே மாதிரி இருந்ததால், முட்டைப் பிரஷின் கழுத்தில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டினான்.

அந்த ஞாயிறு அவள் வந்தபோதே முகம் சரியில்லை. வாய் ஓயாமல் பேசுகிறவள், ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "என்ன இன்ஸ்பெக்டர், இன்னைக்கு சோதனை இல்லையா?" என்று சீண்டினேன். சும்மா சிரித்துவைத்தாள். தம்பி சூடாக இரண்டு பன்னைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனான். அவள் ஒன்றைத் தின்று முடித்து, அடுத்ததில் பாதிக்கு வந்திருப்பாள்.

"அக்கா! அவ கைல இருக்கறதப் புடுங்கு!"

அப்படி ஒரு குரலை அவனிடம் நான் கேட்டதில்லை. கழுவுதொட்டி அடைப்பில் சிக்கியிருந்த சிவப்பு நூல் அவன் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவ எடுத்த பிரஷின் முடியடியில் காய்ந்த முட்டை. முந்தின நாள் கொதிநீரில் முடிச்சு கழன்றிருக்கிறது. நூல் இல்லாததால் முட்டைப் பிரஷையே மகளுடையது என்று எடுத்து, பன் அத்தனைக்கும் தடவிவிட்டான்.

நான் பன்னைத் தட்டிவிட்டேன். அவன் சுவரில் மாட்டியிருந்த டப்பாவிலிருந்து ஊசியை எடுத்து ஓடிவந்தான். அவளுக்கு மூச்சு இழுத்தால் உடனே தொடையில் குத்துகிற ஊசி அது. அவசரத்தில் மூடியைக் கழற்றவே முடியவில்லை.

"வாயத் திற. நாக்கக் காட்டு. மூச்சு விடு கண்ணு, மூச்சு விடு!"

"அப்பா, ஊசி வேணாம்ப்பா. எனக்கு ஒண்ணும் ஆகாது."

"உனக்குத் தெரியாது, பேசாம இரு!"

அவள் அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எனக்கு சரியாயிடுச்சுப்பா. ஆஸ்பத்திரில உக்கார வச்சு கொஞ்சம் கொஞ்சமா முட்டை குடுத்துப் பாத்தாங்க. அப்புறம் பால். ஒண்ணுமே ஆகல. இனிமே எல்லாம் சாப்பிடலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"எப்போ?"

"காலாண்டுப் பரீட்சை லீவுல."

இப்போது அரையாண்டுப் பரீட்சையே முடிந்துவிட்டது. தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்தான். "சரியாயிடுச்சாம்க்கா" என்றான், நான் ஏதோ அடுத்த தெருவில் நிற்பதுபோல. சிரித்தான், கண்ணில் தண்ணீர் கொட்டியது, மறுபடியும் அதையே சொன்னான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எனக்கும் உயிர் வந்தது. வந்த உயிரோடு கோபமும் வந்தது.

"ஏண்டி, எங்ககிட்ட சொல்லாம இத்தன நாளா இங்க வந்து அந்த மரத்தூளத் தின்னுட்டுப் போனியா?"

அவள் தலை குனிந்தாள். "இதச் சொன்னா இன்னொண்ணும் சொல்லணும் அத்தை."

அம்மாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல். பெரிய பதவி. இதற்கு முன்னாலும் எத்தனையோ தரம் வந்ததாம், ஒவ்வொரு தரமும் வேண்டாம் என்றாளாம். அங்கே போனால் பிள்ளைக்கு யார் ரொட்டி சுடுவார்கள் என்பதுதான் காரணமாம். எங்கள் கடைப் படியில் கால் வைக்காதவள், மகளை இறக்கிவிட்டுத் தெருவிலேயே திரும்பிப் போகிறவள், என் தம்பி சுடும் ரொட்டிக்காக இத்தனை வருஷம் இந்த ஊரில் நின்றிருக்கிறாள். இனி நிற்க வேண்டியதில்லை. அப்பாவிடம் நானே சொல்கிறேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்த பெண், வாரா வாரம் வந்து, சொல்ல வாய் வராமல் டப்பாவை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

"எப்போ கிளம்பறீங்க?" தம்பி கேட்டான்.

"புதன்கிழமைப்பா. ரொம்ப தூரம். லீவுல வரேன்."

"வரணும். கண்டிப்பா வரணும்." ஊசியைத் துடைத்து டப்பாவில் வைத்தான். இந்த ஒரு வரத்துக்காக அவன் வேண்டாத தெய்வம் இல்லை. வரம் கிடைத்தது. கிடைத்த கையோடு மகளையும் கூட்டிக்கொண்டு போகிறது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நான் கல்லா மேசையைத் துடைத்த இடத்தையே துடைத்தேன்.

அவன் எழுந்து கையைக் கழுவினான். கண்ணாடி அலமாரியைத் திறந்து, "வா" என்றான். அவள் தயங்கினாள். பிறந்ததிலிருந்து அந்தக் கதவைத் தொடக் கூடாது என்று வளர்த்த பிள்ளை அல்லவா?

"எதுனாலும் எடுத்துக்கோ. எல்லாம் அப்பா செஞ்சதுதான். ஒண்ணுகூட நீ சாப்பிட்டுப் பாத்ததில்ல."

அவள் விரல் காட்டியது கிரீம் கேக். சின்ன வயதில் மூக்கை அழுத்தி அழுத்திப் பார்த்தது அதைத்தான். அவன் துண்டு போட்டு, தன் கையாலேயே ஊட்டினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். கிரீமும் வெண்ணெயும் கரைந்து அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன், அவனும் பார்த்தான். முப்பது அடி தள்ளி நின்று ஒருத்தர் மெல்லுவதைப் பார்த்தே கேக் எப்படி என்று சொல்லிவிடுகிற ஆள் அவன்.

"எப்படி இருக்கு?"

கண்ணைத் திறந்தவள் அப்பா முகத்தைப் பார்த்தாள். "நல்லாருக்கு. ஆனா என் கேக்தாம்ப்பா இதவிட நல்லாருக்கும்."

வடிகட்டின பொய். என் வாழ்நாளில் நான் கேட்ட அத்தனை பொய்யிலும் என்னை அழவைத்த பொய் அது ஒன்றுதான். "ஆமாம்மா, அது தனி ருசி" என்றான் தம்பி, அவளைவிடப் பெரிய பொய்யனாக.

சாயங்காலம் அவள் அம்மா தெருவில் வந்து நின்றாள். தம்பி டப்பாவில் கிரீம் கேக்கை ஒரு பக்கமும் மகளுடைய கேக்கை ஒரு பக்கமும் வைத்துக் கொடுத்தான். அம்மாக்காரி அன்றைக்கு முதல் தடவையாகப் படி வரைக்கும் வந்தாள். "ரொம்ப நன்றி" என்றாள் அவனைப் பார்த்து. வேறு என்ன சொல்வாள் பாவம். அவன் தலையை மட்டும் ஆட்டினான். தெருமுனை திரும்பும்வரை பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அடுத்த ஞாயிறு நான் கடைக்கு வந்தபோது சோடா வாசனை அடித்தது. மேசை தேய்த்துக் கழுவியாகிவிட்டது. தட்டுகள் கொதிநீரில் கிடந்தன. அடுப்பில் முதல் ஈடு வெந்துகொண்டிருந்தது, முட்டைக்கூடை கட்டு பிரிக்காமல் மூலையில் இருந்தது.

"யாருக்குடா இது?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவன் ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குத் திரும்பி உட்கார்ந்து, முட்டைப் பிரஷின் கழுத்தில் புதுச் சிவப்பு நூலைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு முடிச்சு போட்டான். அதன் மேல் இன்னொன்று. பல்லால் கடித்து இழுத்து இறுக்கினான். பிறகு என்னிடம் நீட்டினான்.

"இழுத்துப் பாருக்கா. இனிமே அவுழாது."

நான் இழுத்துப் பார்த்தேன். அவிழவில்லை.